தண்ணீர் ஓரத்துக் கூறு

பேய் பார்த்தேன், பிசாசு பார்த்தேன் என்று சொல்கிறவனை நான் பக்கத்தில் உட்கார விட்டதில்லை. துறைமுகத்தில் ஆயுசில் பாதி நாள் சரக்கு இறக்கியவன் நான். கப்பலின் அடித்தட்டில் ஆள் நசுங்கிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன், மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன், எவனும் வந்து என் தோளைத் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதுகூட வீட்டில் சண்டை வேண்டாம் என்றுதான். இதைப் படித்துவிட்டுக் கிழவன் கதை விடுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களை நம்ப வைத்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

சுதந்திரம் வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் கரி. துறைமுகத்தில் குவித்து வைத்திருந்த நிலக்கரி பறந்து வந்து சோற்றில் விழும், பாயில் விழும், பிள்ளையின் மூக்கில் ஏறும். என் மகள் செசிலிக்கு நாலு வயது. பனிக்காலத்தில் பிடித்த கக்குவான் இருமல் சித்திரை முடிந்தும் விடவில்லை. இரும ஆரம்பித்தால் முகம் நீலமாகிவிடும், அவளுக்கு மூச்சு திரும்புவதற்குள் எனக்கு நின்றுவிடும். அவளுக்கு முன்னால் பிறந்த பையனைக் காசிமேட்டுக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். இருந்தது இவள் ஒருத்திதான். டாக்டர் மருந்தையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில், "இந்தக் கரிக்காத்துலேர்ந்து எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போய்யா" என்றார். எங்கே போவது? ஊட்டிக்கா?

என்னோடு வேலை பார்த்த ஏழுமலை, எண்ணூருக்கு அப்பால் தீவில் இருக்கும் ஒரு குப்பத்துக்காரன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கால்வாய், நடுவில் மணலும் சவுக்கும் முப்பது நாற்பது குடிசையும். "எங்க வூடு சும்மாத்தான் கீது மாமு. புள்ளைய இட்டுக்கினு வா, பத்து நாள் மீனு துன்னட்டும், இருமல் ஓடிப்பூடும்" என்றான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக லீவு போட்டேன். அவனும் லீவு போட்டான். எண்ணூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து தோணியில் கழிமுகத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தோம்.

உல்லாசப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் கரித்தது. கோடைதான், ஆனால் வானம் துவைக்காத வேட்டி மாதிரி நாள் முழுக்க மங்கிக் கிடந்தது. மூன்று நாளாகியும் இருமல் ஒரு துளி குறையவில்லை. என் மனைவி மேரி ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். எனக்கோ எவனையாவது பிடித்து அறையலாம் போலிருந்தது.

நாலாம் நாள் காலை, திரும்ப மறுநாள் ஆகும் என்று சொல்லிவிட்டு ஏழுமலை ரேஷன் அரிசி வாங்க எண்ணூருக்குப் போய்விட்டான். செசிலியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகு போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும், அதன் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று ஊரே இழுக்கும். பின்னால் நகர்ந்து நகர்ந்து மேட்டுக்குப் போனவன் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீர்ப் பக்கம் மறுபடி பிடிப்பான். செசிலி என் இடுப்பிலிருந்து இறங்கி ஓடி எல்லோருக்கும் முன்னால், கணுக்கால் தண்ணீரில் நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை, கயிறு அவள் கைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சிரித்தாள். அவள் சிரித்தே மாதக்கணக்காகியிருந்தது.

வலை கரைக்கு வந்ததும் மீனைக் கொட்டி, கயிற்றில் கை வைத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கூறாக மணலில் வைத்தார்கள். கிழவிக்குக் கூறு, பொடிசுகளுக்குக்கூடக் கூறு. என் மகளுக்கு இல்லை. எனக்குக் கோபம் ஏறியது. உழைத்தவனுக்குப் பங்கு கொடுக்காதவனோடு தினம் சண்டை போடுகிற ஆள் நான். வலைக்குச் சொந்தக்காரி கன்னியம்மா, என் வயதிருக்கும். அவளிடம் போனேன்.

"எம் பொண்ணும்தான் இழுத்துச்சு. அதுக்குக் கூறு எங்க?"

"ஆர்பர் ஆளு, இங்கயும் ஸ்டிரைக் பண்ணுவாரு போலகீது" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"வூட்டுக்கு ஒரு கூடை அனுப்பறேன் நைனா" என்றாள் கன்னியம்மா. "விருந்தாளிப் புள்ளைக்கு இன்னாத்துக்குக் கூறு?"

"பிச்சை வேணாம். இழுத்ததுக்குக் குடு."

அப்போதுதான் பார்த்தேன், தண்ணீர் ஓரமாகத் தனியாக ஒரு சின்னக் கூறு இருந்தது. கொஞ்சம் நெத்திலி, ரெண்டு நண்டு. யாரும் அதைத் தொடவில்லை. அலை வந்து நக்கிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போகிற மீனை எங்களுக்குத் தரக் கூடாதா என்று போய்த் துண்டில் வாரினேன்.

சிரிப்பு நின்றது.

"அத்த வெச்சிடு நைனா" என்றாள் கன்னியம்மா. குரல் மாறியிருந்தது. "அது வேற புள்ளையோடது."

"எந்தப் புள்ள? வரச் சொல்லு, குடுக்கறேன்."

ஸ்டிரைக் என்று சொன்னவன்கூடத் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மீனையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேரி குழம்பு வைத்தாள். செசிலி கேட்டுக் கேட்டுத் தின்றாள். நம்பினால் நம்புங்கள், அன்று இரவு ஒரு தடவைகூட இருமவில்லை. காலையிலும் இல்லை. மேரி அழுதுகொண்டே மாதாவுக்கு நன்றி சொன்னாள், நான் நெத்திலிக்கு நன்றி சொன்னேன். கஞ்சி குடிக்கும்போது செசிலி கேட்டாள், "அப்பா, அந்தக்கா எப்போ வரும்?"

"எந்தக்கா?"

"எம் முன்னாடி நின்னு கயிறு இழுத்துச்சே, அந்தக்கா."

அவளுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தது தண்ணீர். பிள்ளைகள் எதையாவது உளறும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் ஏழுமலை திரும்பி வந்தான். கரையில் இறங்கும்போதே ஊர் சொல்லிவிட்டது போலிருக்கிறது. "இன்னா மாமு இப்டி பண்ணிட்ட" என்று வாசலிலேயே குந்திவிட்டான். கன்னியம்மாவுக்கு ஏழு வயதில் ஒரு பெண் இருந்ததாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வலை இழுக்கும்போது, விளையாட்டாகக் கயிற்றின் நுனியை இடுப்பில் சுருக்குப் போட்டுக்கொண்டு இழுத்திருக்கிறது. நீரோட்டம் திரும்பி வலையை அடித்துக்கொண்டு போனதில் கயிறு எல்லார் கையையும் அறுத்துக்கொண்டு ஓடியது. அதோடு பிள்ளையும். உடம்பு கிடைக்கவில்லை.

"அன்னிக்கு அதுவும் இழுத்துச்சுல்ல மாமு. அதுக்குக் கூறு வெக்கல. அப்பால நாலு மாசம் வலைல ஒண்ணும் வுழல. அத்தொட்டு எப்ப வலை இழுத்தாலும் மொதக் கூறு அதுக்குத்தான். இதுவரைக்கும் ஒர்த்தரும் தொட்டதில்ல."

"செத்த புள்ளைக்கு மீனு. உயிரோட இருக்கற புள்ளைக்கு ஒண்ணும் கெடையாதா?" என்று கத்தினேன்.

அந்தச் சத்தத்துக்கு மேரி உள்ளேயிருந்து வந்தாள். "பாப்பா உங்ககூட இல்லியா?" என்றாள்.

பாயில் தூங்கிக்கொண்டிருந்தவள் இல்லை. பின்பக்கத் தட்டி திறந்து கிடந்தது. மணலில் சின்னக் கால்தடம் நேராகக் கடலுக்குப் போயிருந்தது.

ஓடினேன். கரையில் ஆள் இல்லை. படகெல்லாம் மேலே ஏற்றிக் கிடந்தது, வலை கம்பில் காய்ந்துகொண்டிருந்தது. செசிலி முழங்கால் தண்ணீரில் உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் கயிறு. கறுத்துப்போன பழைய கயிறு, கடலுக்குள்ளிருந்து விறைப்பாக வந்துகொண்டிருந்தது. அவள் இழுக்கவில்லை. அவள் போய்க்கொண்டிருந்தாள்.

பாய்ந்து ஒரு கையால் அவள் இடுப்பையும் ஒரு கையால் கயிற்றையும் பிடித்தேன். "வுடு பாப்பா" என்றேன். அவள் விரலைப் பிரிக்க முடியவில்லை. மூட்டை தூக்கிய கை இது, நாலு வயதுப் பிள்ளையின் விரலைப் பிரிக்க முடியவில்லை. கயிறு சும்மா இழுக்கவில்லை. ஒரு இழுப்பு, கொஞ்சம் தளர்வு, மறுபடி ஒரு இழுப்பு. நீரோட்டம் அப்படி இழுக்காது. கையை மாற்றி மாற்றி வைத்து இழுக்கிறவன்தான் அப்படி இழுப்பான். ஒவ்வொரு இழுப்புக்கும் நான் ஒரு அடி உள்ளே போனேன். ஏழுமலை வந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான், அவனும் சேர்ந்து நகர்ந்தான்.

மேரி போட்ட கூச்சலைக் கேட்டுக் கன்னியம்மா மடியில் மீனோடு ஓடிவந்தாள். "நீ வை" என்றாள்.

"நீயே போடு, சீக்கிரம்."

"நான் வெச்சா ஆவாது. எடுத்த கை வெக்கணும். கயித்த வுட்டுட்டு வந்து வை."

கயிற்றை விட்டால் பிள்ளை போய்விடும். விடாவிட்டாலும் போய்க்கொண்டிருந்தாள். ஏழுமலையிடம் அவள் இடுப்பைக் கொடுத்துவிட்டுக் கயிற்றை விட்டேன். அந்த ஒரு நொடியில் அவர்கள் இருவரும் மார்பளவுக்குப் போய்விட்டதைப் பார்த்தேன். மேஸ்திரி முன்னால்கூட முதுகு வளைக்காதவன், அந்த ஈர மணலில் முட்டி போட்டு மீனைக் குவித்து வைத்து, "தப்புதாம்மா. உன்னுதுதான் இது. எடுத்துக்கோ" என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ஒரு அலை வந்தது. பெரிய அலை இல்லை. அது திரும்பியபோது மீன் இருந்த மணல் துடைத்தது போலிருந்தது. கயிறு தொய்ந்தது.

ஏழுமலை பிள்ளையை மேலே கொண்டுவந்து போட்டான். கயிறு சும்மா இழுத்ததற்கே வந்தது, பத்து பன்னிரண்டு முழம்தான் இருக்கும். அதன் நுனியில் ஒரு சுருக்கு. ஒரு சின்னப் பிள்ளையின் இடுப்பு அளவு. பழைய கயிறு கடலில் கிடந்து அலையில் மாட்டியது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். கன்னியம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்களைத் திட்டவில்லை, அழவில்லை. சாயங்காலம் நாங்கள் தோணி ஏறும்போதும் அங்கேயேதான் இருந்தாள்.

செசிலியின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது, ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. கக்குவான் திரும்பி வரவே இல்லை. அந்தத் தீவுக்குப் போனதே அவளுக்கு ஞாபகமில்லை, நாங்களும் சொல்லவில்லை. வளர்ந்தாள், பெரம்பூரில் கட்டிக் கொடுத்தோம். கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து மருமகன் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்.

"மாமா, இவ சின்ன வயசுல தூக்கத்துல நடப்பாளா? இப்ப எழுந்து நடக்கறதில்ல. ஆனா மத்தியானம் படுத்தா, படுத்த எடத்துல இருக்கறதில்ல. கண்ண மூடிக்கினே கொஞ்சம் கொஞ்சமா நவுந்து போயிடறா. பாயை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கெழக்காலதான் போறா."

அவர் வீட்டிலிருந்து கடல் மூன்று நாலு மைல் இருக்கும். கிழக்கேதான் இருக்கிறது.

"அப்போ அவ கை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"மூடி வெச்சிருப்பா" என்றார்.