செவ்வரத்தையில் மூன்றாவது பூ

இது எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியில் தொடங்கியது. சுன்னாகத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வெங்காயத் தோட்டமும் கிணறுமாக நாங்கள் இருந்த காலம். எங்கள் ஒரே மகள் முந்தின வருடம்தான் கலியாணம் முடித்துப் புருஷனோடு டென்மார்க்குக்குப் போயிருந்தாள். அங்கே அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம்.

அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "அம்மா, இஞ்சை வெளியிலை பார்த்தால் ஒண்டும் எங்கடை போலை இல்லை. எங்கடை வளவுப் பூக்களைப் படம் எடுத்து அனுப்புங்கோ. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரிலை ஒட்டவேணும். பிள்ளை பிறக்கமுன்னம் வந்தால் போதும்."

தாய் பக்கத்தில் நிற்கவேண்டிய பிள்ளைப்பேறு. நான் போகவா முடியும்? படமாவது போய்ச் சேரவேணும் என்று நினைத்தேன்.

மருமகன் விட்டுவிட்டுப் போன சின்னக் கமெரா ஒன்று அலுமாரிக்குள் இருந்தது. உள்ளே பிலிம் றோலும் இருந்தது. "பொத்தானை அமத்தினால் சரி மாமி. சூரியன் உங்கடை முதுகுக்குப் பின்னாலை நிக்கவேணும்" என்று முந்தி ஒருநாள் காட்டித் தந்திருந்தார்.

எனக்குப் படம் என்றால் ஸ்ரூடியோவில் எடுக்கிற படம்தான் தெரியும். நிமிர்ந்து நிற்கவேணும், பின்னால் சீலை தொங்கவேணும், தலை முதல் கால் வரைக்கும் விழவேணும். அப்படியேதான் பூமரங்களையும் எடுத்தேன். இலைகளைக் கழுவித் துடைத்தேன். பின்னால் வேலியின் இரண்டு கதியாலுக்கு நடுவில் இவருடைய வெள்ளை வேட்டியைக் கட்டினேன். அடிவேரும் நுனிக் கொழுந்தும் வெட்டுப்படாமல் விழவேணும் என்று தூரத்தில் போய் நின்றேன். செவ்வரத்தையில் அன்றைக்கு மூன்று பூ. மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வயிற்றுப்பிள்ளைக்காறியின் அறைக்குப் போகிற படம் எல்லோ! அதனால் ஒரு பூவைப் பிடுங்கிச் சாமிப் படத்துக்கு வைத்துவிட்டு, மற்ற இரண்டையும்தான் எடுத்தேன்.

தோட்டத்தால் வந்த இவர் படலையிலேயே நின்றுவிட்டார்.

"இஞ்சை, என்ன இது? செவ்வரத்தைக்குக் கலியாணமோ? அது நான் கோயிலுக்குக் கட்டுற வேட்டியெல்லே!"

கலர் றோல் கழுவக் கொழும்புக்குப் போய் வரவேணும். ஆனியில்தான் படங்கள் வந்தன. இவர் சுன்னாகச் சந்தைக்குப் போன இடத்தில் அங்கத்தை ஸ்ரூடியோவில் வாங்கிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு மச்சாளிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவ சீட்டுக்கட்டுப் போல விறுவிறென்று தள்ளிப் பார்த்துவிட்டு, "சோக்காய் இருக்கு மச்சாள்" என்று திருப்பித் தந்துவிட்டு, எங்கள் ஆடு குட்டி போட்டதோ என்று கேட்டா. எனக்கோ சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. செவ்வரத்தைப் படத்தைப் பெரிசாக்குவிக்கலாம் என்று அடுத்தநாளே சுன்னாகத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்ரூடியோக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குநுனியில் கண்ணாடி. எனக்கு வேற்று ஆம்பிளைகளோடு கதைக்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். உறையைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, "இதைப் பெரிசாக்கவேணும்" என்று மட்டும் சொன்னேன். அவர் எல்லாப் படங்களையும் எடுத்து மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றாய்க் குனிந்து பார்த்தார். நேரம் போனது. அவ்வளவு நேரம் அந்தப் படங்களை நான்கூடப் பார்த்ததில்லை.

"ஆர் அக்கா எடுத்தது?"

"என்ரை தங்கச்சி" என்றேன். எனக்குத் தங்கச்சியே இல்லை.

"நல்ல கை. ஒரு படமும் ஆடேல்லை. இது எல்லாருக்கும் வராது, தங்கச்சிக்குச் சொல்லுங்கோ." பிறகு செவ்வரத்தைப் படத்தை என் பக்கம் தள்ளினார். "இதிலை பூவை ஒருக்கால் தொட்டுக் காட்டுங்கோ பாப்பம்."

என் விரல் தேடியது. பளீரென்று வேட்டி. கீழே நிலத்தில், கொண்டையும் முழங்கையுமாக ஒரு நிழல். பூ இரண்டும் குன்றிமணி அளவில் எங்கேயோ கிடந்தன.

"பெரிசாக்கித் தாறன். ஆனா வேட்டிதான் பெரிசாய் வரும்" என்றார். சிரிக்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. உள்ளே கதிரையில், பாஸ்போர்ட் படத்துக்காக முகம் நிறையப் பவுடர் பூசிக்கொண்டிருந்த ஒருவர், "அண்ணை, எனக்கு வேர்க்கப்போகுது" என்று கத்தினார்.

"வேர்த்தால் திருப்பிப் பூசும். இது முக்கியமான விசயம்" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார். "ஆளைத்தான் அக்கா கால் தலை வெட்டாமல் எடுக்கவேணும். பூவுக்கு அந்தச் சட்டம் இல்லை. தங்கச்சியைக் கிட்டப் போய்க் குந்தியிருந்து எடுக்கச் சொல்லுங்கோ. ஆனா இந்தக் கமெராவிலை இரண்டு முழத்துக்குக் கிட்டப் போனால் மங்கிப்போம். காலமை வெய்யில் ஒரு பக்கத்தாலை விழட்டும், நிழலும் வந்து நிக்காது. பின்னாலை சீலை வேண்டாம், பூவுக்கு அதின்ரை இலைதான் வடிவு. இப்பிடிப் பெரிய செவ்வரத்தையிலை இரண்டு பூத்தானோ பூத்தது? கொத்தாய் நிண்டால் எவ்வளவு நல்லாயிருக்கும்!"

"மூண்டு பூத்தது. மூண்டு பேர் படம் எடுக்கக்கூடாதெல்லோ, நான்தான் ஒண்டைப் பிடுங்கினனான்" என்றேன்.

அவர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூ ஒரு நாளிலை வாடுற சாதி. அதுக்கு ஆயுசு பாக்கவேண்டாம் எண்டு தங்கச்சிக்குச் சொல்லுங்கோ" என்றார்.

புது றோல் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ்சில் ஏறினேன். முதலில் கோபம்தான். நான் அந்த ஸ்ரூடியோக்காரரிடம் குறையா கேட்டேன், பெரிசாக்கத்தானே கேட்டேன் என்று. மல்லாகம் தாண்டும்போதுதான் சுரீர் என்றது. 'நான்தான் பிடுங்கினனான்' என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேனே! அதற்குப் பிறகும் அந்த மனிசன் 'தங்கச்சி, தங்கச்சி' என்றே கதைத்தாரே. வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் சிரிப்பும் வந்துவிட்டது.

மற்றநாள் ஒரு நீட்டு ஈர்க்கில் இரண்டு முழம் அளந்து முறித்து வைத்துக்கொண்டேன். காலமை வீட்டின் பின்கோடிக்குள் தண்ணீர் ஊற்றப் போகும்போது கமெராவும் கூடவே வரும். எது நன்றாகப் பூத்திருக்கிறதோ அதற்கு முன்னால் குந்தி, ஈர்க்கை நீட்டி அளந்து, மூச்சைப் பிடித்துப் பொத்தானை அமத்துவேன். ஒரு கிழமைக்கு மேல் போனது. செவ்வரத்தை திரும்பவும் மூன்று பூத்த அன்று, கை பூவுக்குப் போய்த் திரும்பி வந்தது. பிள்ளையாரே என்று சொல்லிக்கொண்டு மூன்றையும் எடுத்துவிட்டேன்.

றோல் கொழும்புக்குப் போன நேரம் பார்த்து றெயில் ஓடவில்லை. ஆடி பிறந்துவிட்டது. மகளுக்கு ஆவணியில் நாள். மூன்று தரம் ஸ்ரூடியோவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். நாலாம் தரம் போனபோது அவர் வாசலிலேயே உறையைத் தூக்கிக் காட்டினார்.

இந்த முறையும் அப்படித்தான், ஒவ்வொன்றாய்ப் பரப்பி அவசரப்படாமல் ஆறுதலாகப் பார்த்தார். சிவப்பு சிவப்பாகவே நின்றது. நந்தியாவட்டையில் பனித்துளி தெரிந்தது. எங்கள் வளவு இவ்வளவு வடிவென்று எனக்கே தெரியாது.

"இந்த நித்தியகல்யாணி மட்டும் மங்கிப்போச்சு. தங்கச்சி கிட்டப் போயிட்டா போலை கிடக்கு."

"ஓம், அண்டைக்கு ஈர்க்கை மறந்துபோனன்" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தேன். "நான்தான் எடுத்தனான்."

"ஓமோ?" என்றார், ஏதோ புதினம் கேட்டவர் போல. "அப்ப தங்கச்சிக்கு நான் சொன்னதை ஒண்டும் விடாமல் சொல்லியிருக்கிறியள்."

அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். புரட்டாதியில் மகளின் கடிதம் வந்தது. ஆசுப்பத்திரிக்குக்கூடச் செவ்வரத்தைப் படத்தைக் கொண்டுபோனாளாம். நோவு தாங்கமுடியாத நேரம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். பொம்பிளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். கூடவே, மருமகன் எடுத்த பேத்தியின் படம். ஒரு பெரிய கட்டில், பெரிய யன்னல், நடுவில் ஒரு துணிப் பொட்டலம்.

இவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதிலை பிள்ளை எங்கை?" என்றார்.

அன்று பின்னேரம் மறுகடிதம் எழுதினேன். வெளிச்சம் நல்லாய் விழுந்திருக்கு, கை ஆடேல்லை என்று முதலில் எழுதினேன். பிறகு, கால் வெட்டுப்பட்டாலும் பறவாயில்லை, கிட்டப் போய் முகத்தை எடுக்கச் சொல்லு பிள்ளை என்று எழுதினேன். மருமகனுக்கு ஒரு குறை சொல்ல எனக்குத் தைரியம் வந்தது அதுதான் முதல் தரம். அடுத்த கடிதத்தோடு வந்த படத்தில் பேத்தியின் கண்ணிமைகூடத் தெரிந்தது.

அந்த ஸ்ரூடியோக்காரரைப் பிறகு நான் காணவில்லை. ஆனால் இன்றைக்கும் ஆராவது தன் கையால் செய்த ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், 'நல்லாயிருக்கு' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட எனக்கு மனம் வருவதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஆறுதலாக ஒருக்கால் பார்க்கிறேன்.