தூரமா என்று கேட்கும் விமான நிலையம்

நான் பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கினால் பக்கத்து வீட்டு மாரித்துக்கு எப்படியோ தெரிந்துவிடும். நார்வேயின் தலைநகரிலிருந்து ரயிலில் சற்றுத் தள்ளி வந்தால் வரும் சிற்றூரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நானும் கணவரும் இருக்கிறோம். மாரித் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நார்வேக்காரப் பெண்மணி. கதவைத் திறந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு, "வூர் ஸ்கால் டூ?" என்பார். எங்கே போகிறாய் என்று அர்த்தம். அவ்வளவுதான், எனக்குக் கால் நகராது. பெட்டியைப் படியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் திரும்பிப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். இத்தனை வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து மாரித் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். எனக்கு ஞாபக மறதியாம். ஒரு பிறந்தநாளுக்கு, சாவியையும் கைப்பேசியையும் கண் முன்னால் மாட்டிவைக்கக் கொக்கி வைத்த பலகை ஒன்றைப் பரிசாகவே கொடுத்துவிட்டார். அதை வாங்கிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன், வேறென்ன செய்ய.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, புதூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் எங்களுடையது. அங்கே வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து "எங்க போற?" என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். அதற்காகக் கேட்காமல் இருக்கவும் எங்கள் ஆட்களால் முடியாது. அடுத்தவர் எங்கே போகிறார் என்று தெரியாமல் போனால் அன்று சோறு இறங்காது. ஆகவே "என்ன அண்ணாச்சி, தூரமா?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலும் உண்டு. "இங்கனதான்." உளுந்து விதை வாங்க விளாத்திகுளம் போகிறவரும் அதையேதான் சொல்வார், மகனைப் பார்க்க மும்பைக்கு ரயிலேறப் போகிறவரும் அதையேதான் சொல்வார். யாரும் அதைப் பொய்யாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்டவருக்கு மரியாதை, கிளம்பியவருக்கு நிம்மதி. உண்மையெல்லாம் சாயங்காலத்துக்குள் மினி பஸ் கண்டக்டர் மூலம் ஊருக்கு வந்து சேர்ந்துவிடும்.

போன கோடையில் என் ஐயா முதல்முறையாக இங்கே வந்தார். எங்கள் பக்கம் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மக்காச்சோளம் அறுத்து முடிந்து நிலம் வெறுமனே கிடக்கிற மாதங்கள் அவை. அம்மாவையும் சேர்த்துத்தான் அழைத்தேன். "மொதல்ல இவிய போயிட்டு வந்து எப்பிடியிருக்குன்னு சொல்லட்டும், பெறகு பாப்போம்" என்று சொல்லிவிட்டாள். வீட்டு ஆடுகளை யார் பார்ப்பது என்பது ஒரு சாக்கு. விமானத்தைப் பற்றிய பயம்தான் காரணம். ஆக, ஐயா எனக்கு விருந்தாளி மட்டுமில்லை, அம்மா அனுப்பிய வேவுக்காரரும்கூட. அவர் வழியில் சந்தோஷமாக வந்தால் அடுத்த கோடைக்கு அம்மாவும் என் சமையலறையில் நிற்பாள். இல்லையென்றால் கைப்பேசித் திரையில் நெற்றியும் கூரையும் மட்டும் தெரிய அவள் பேசுவதைத்தான் நான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தூத்துக்குடி விமான நிலையத்தில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே உடைமரமும் வெயிலும் தெரிந்தன என்று ஐயா பிறகு சொன்னார். கடம்பூர்ப் போளிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியை எடை போட்ட பிள்ளை, "தாத்தா, இத அடியில வைக்காதீங்க, நசுங்கிரும்" என்று எடுத்து மேலே வைத்ததாம். சென்னையிலும் என் கணவரின் தம்பி கூடவே இருந்து உள்ளே அனுப்பிவிட்டார். வில்லங்கம் எல்லாம் நடுவில் விமானம் மாற வேண்டிய இடத்தில்தான். பெயர் எதற்கு? பெரிய ஊர், பளபளக்கிற ஊர். அந்த விமான நிலையத்தைப் பத்திரிகைகளில் புகழ்ந்து எழுதுவார்கள்.

இறங்கியதும் ஐயாவுக்கு முதலில் தொலைந்தது திசை. ஜன்னலே கிடையாது. பகலா இரவா, கிழக்கு எது, ஒன்றும் பிடிபடவில்லை. செண்டு விற்கிற கடைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது பாதை. உட்கார ஓர் இடமில்லை, கடைகளைத் தாண்டினால்தான் நாற்காலி. கழுத்தில் துண்டோடு முழித்துக்கொண்டு நின்றவரை, கோட்டு போட்ட ஊழியர் ஒருவர் பார்த்திருக்கிறார். தமிழ் தெரிந்த பையன், மரியாதையான பையன். வந்து, "ஐயா, எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

கடல் தாண்டி, மகளைப் பார்க்க, வாழ்க்கையிலேயே மிகப்பெரிய பயணம் கிளம்பியிருக்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? ஐயா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இங்கனதான், தம்பி" என்றார். பையன் மறுபடியும் கேட்டிருக்கிறார், "இங்கேதானா?" "ஆமா, இங்கனதான்." சரி, இந்த நாட்டுக்குத்தான் வந்திருக்கிறார் போல என்று பையன் நினைத்துக்கொண்டார். பொறுப்பாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அந்த நாட்டுக்குள் நுழைகிறவர்களின் வரிசையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். வரிசை ஆமை மாதிரி நகர்ந்தது. ஐயா தாலுகா அலுவலகத்தில் நின்று வருவாய்த் துறைச் சான்றிதழ் வாங்கிப் பழகியவர் ஆனதால் பொறுமையாக நின்றார். முகப்பில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டி நார்வே விசாவைப் பார்த்துவிட்டு எதையோ கத்தினார். அதற்குள் விமானம் போய்விட்டது.

அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம், மறுநாள் வந்து சேர்ந்தார். நான் இங்கே விமான நிலையத்தில், ராத்திரியெல்லாம் தூங்காத கண்களோடு, வெளிவாசல் தடுப்பில் சாய்ந்து நின்றேன். ஐயா அழுத முகத்தோடு வருவார் என்று பயந்தேன். வந்தவர் முகத்தில் பாதி கோபம், பாதி சிரிப்பு. கட்டிக்கொண்டேன். வேட்டி கட்டும் இடுப்பில் பேண்ட் போட்டிருந்தது பார்க்கப் பாவமாக இருந்தது. காரில் ஏறியதும் தண்ணீர் கேட்டார், பிறகு கதை முழுவதையும் சொன்னார்.

"அங்கன குடிக்கத் தண்ணி கக்கூசு வாசல்ல வச்சிருக்கான் தாயி. எவன் குடிப்பான்? நாக்கு ஒட்டிப்போச்சு."

"கேட்டிருக்கலாம்ல, ஐயா."

"யாருகிட்ட கேக்க? ஒருத்தன் கேட்டான், கேக்கக் கூடாதத கேட்டான்." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நா திரும்பிப் போற வழி ஒண்ணு இருக்குல்லா, அதோட சரி. இனிமே அந்த எடத்துல கால் வைக்கமாட்டேன். எங்களப் பாக்கணும்னா நீ ஊருக்கு வா."

அம்மாவிடமும் இதை அப்படியேதான் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார்.

"ஆனா இந்த ஊரு ஏர்போட்டு நல்லாருக்கு. மரத்துல தரை போட்டுருக்கான். வெளிய மலை தெரியுது. பாஸ்போட்டு பாக்குற பிள்ள என்ன கேட்டுது தெரியுமா? 'லாங்?'னு கேட்டுது. தூரமான்னு கேக்கு, நம்ம ஊருப் பிள்ள கணக்கா! நானும் 'லாங், லாங்'னேன். சிரிச்சிட்டே முத்திரை குத்திட்டுது."

நெடும்பயணமா என்று அந்தப் பெண் உபசாரத்துக்குக் கேட்டிருப்பாள். ஆனால் அன்றிலிருந்து நான் விமான நிலையங்களை வேறு மாதிரிப் பார்க்கிறேன். என்னைப்போல் புலம்பெயர்ந்தவர்கள் கூடினால் விசாவுக்கு அடுத்தபடி பேசுவது இதைத்தான். எந்த நிலையத்தில் காலை நீட்டிப் படுக்கலாம், எங்கே நாற்காலிக்கு நாற்காலி இரும்புக் கை வைத்து மனிதரை நிமிர்த்தியே வைத்திருக்கிறார்கள், எங்கே பிள்ளைக்குப் பால் ஆற்ற வெந்நீர் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். பளிங்கும் நீரூற்றும் யாருக்கும் நினைவில்லை. ஜன்னல் இருந்ததா, தண்ணீர் இருந்ததா, சொந்த மொழியில் இல்லாவிட்டாலும் ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததா என்பதுதான் நினைவிருக்கிறது. மோசமான நிலையம் நம்மைச் சரக்காக நினைத்து, எங்கே போக வேண்டிய சரக்கு என்று மட்டும் கேட்கிறது. நல்ல நிலையத்துக்கு நாம் களைத்து வந்திருக்கிறோம் என்பது தெரிந்திருக்கிறது. கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் கூரை ஒழுகினாலும், பெட்டியோடு நிற்கிறவரைப் பார்த்து ஒதுங்கி இடம் கொடுப்பார்கள். நாத்தத்துக்கும் குறைவிருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐயா இங்கே இருந்த நாட்களில் காலையில் நடக்கப் போவார். ஒருநாள் மாரித் கவலையோடு என் கதவைத் தட்டினார். உன் அப்பா தினமும் கோயில்பட்டி என்று ஓர் இடத்துக்குப் போகிறாரே, பேருந்துத் தடப் பட்டியலில் தேடினேன், கிடைக்கவில்லை, வழி தவறிவிடப் போகிறார் என்றார். எனக்குப் புரியவில்லை. ஐயாவிடம் கேட்டேன்.

"அந்தம்மா டெய்லி ஊரு எது, ஊரு எதுன்னு கேக்கு. கோயில்பட்டின்னு டெய்லி சொல்லுதேன். பாவம், அதுக்கு ஞாபக மறதி போலிருக்கு" என்றார்.

எங்கே என்பதற்கு இவர்கள் சொல்லும் 'வூர்' ஐயாவின் காதில் ஊர் என்று விழுந்திருக்கிறது. எங்கே போகிறாய் என்ற கேள்வி தினமும் காலையில் தன்மேல் விழுகிறது என்று தெரியாமல், ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு நிம்மதியாக நடந்திருக்கிறார். நான் இருவரையும் திருத்தவில்லை. மாரித் மட்டும் அடுத்த வாரம் அவருக்குக் கம்பளிக் குல்லா ஒன்று பின்னிக் கொடுத்தார், கோயில்பட்டியில் குளிருமே என்று.

இதெல்லாம் ஐயாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து, இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு போகம் நெல் போடாமல் இருக்கிறார்களே என்று அங்கலாய்ப்பார். ஆனால் அடுத்த வருஷம் என்று நான் எப்போது வாயெடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுவார். அம்மா கைப்பேசியில் "வழி எப்பிடி?" என்று கேட்டபோது, "வந்து சொல்லுதேன்" என்றார்.

கிளம்பும் நாளில், விமான எண், வாசல், என் கைப்பேசி எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டேன். "யாரு எங்க போறீங்கன்னு கேட்டாலும் இதக் காட்டிருங்க ஐயா. இங்கனதான்னு மட்டும் சொல்லிராதீங்க" என்று கெஞ்சினேன். "நா பாத்துக்கிடுதேன்" என்றார். தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், கையசைத்தார். அவர் தலை கூட்டத்தில் மறையும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, வேலைக்கும் போகாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தூத்துக்குடியிலிருந்து அழைத்தார். அம்மாவும் அவரை அழைத்துப்போக வாடகைக் காரில் வந்திருந்தாள்.

"வந்து சேந்துட்டேன் தாயி. அங்கன கோட்டு போட்டவன் ஒருத்தன் வந்தான். இது வேற ஆளு, இங்கிலீசு பேசுதவன். 'வேர் ஃப்ரம்?'னான். 'ஹவுஸ்'னேன். 'வேர் கோயிங்?'னான். அதுக்கும் 'ஹவுஸ்'னேன். சிரிச்சுட்டான். பெறகு கழுத்துத் தாள வாசிச்சுப் பாத்துட்டு, கொண்டாந்து பிளேன் வாசல்ல விட்டுட்டுத்தான் போனான்."

"ரெண்டுக்கும் ஹவுஸ்னு சொன்னா அவனுக்கு எப்படி ஐயா வெளங்கும்?"

"பொய்யா சொன்னேன்? ஒன் வீட்டுலேருந்து கெளம்புனேன். நம்ம வீட்டுக்குப் போறேன். வேற என்னன்னு சொல்ல?"

நான் பதில் சொல்லுவதற்குள் கைப்பேசி கைமாறியது. "ஏட்டி," என்றாள் அம்மா, கார் இரைச்சலுக்கு மேலே கத்தி, "பாஸ்போட்டுக்கு போட்டோ எடுக்கணும்னா ரெண்டு காதும் தெரியணுமாமே, நெசந்தானா?"

தெரிய வேண்டும் அம்மா என்றேன். அழுகிறேன் என்று காட்டிக்கொள்ளாமல் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே வந்து இத்தனை வருஷமாகிறது. முகப்பில் இருக்கிறவர் எங்கிருந்து, எங்கே என்று கேட்டால் போகும்போது ஒரு நாட்டின் பெயரையும் வரும்போது இன்னொரு நாட்டின் பெயரையும்தான் சொல்கிறேன். இரண்டையும் வீடு என்று சொல்ல எனக்கு இன்னும் நா எழவில்லை. ஐயா ஒரே கோடையில் சொல்லிவிட்டார்.