நோவில்லாத கண்

பிள்ளையள், எக்ஸ்ரே அறைக்குப் புதுசாய் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதிறன்.

தொண்ணூறுகளின்ரை தொடக்கம், சண்டைக் காலம். யாழ்ப்பாணத்துக்குக் கரண்டே இல்லை. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் காலமை கொஞ்ச நேரம் ஓடும். அதுக்குள்ளை எடுத்ததுதான் எக்ஸ்ரே. பிலிமும் தட்டுப்பாடு. செல்லடியிலை காயப்பட்டவைக்குத்தான் முதலிடம். அது நியாயம். மிஞ்சினால்தான் வெளியிலையிருந்து வாற நோயாளருக்கு. அந்த மிச்சத்தையும் டொக்டர்மாரின்ரை வீட்டிலை சிபாரிசுத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு வாறவை பின்கதவாலை வந்து பிடிச்சிடுவினம். அவையைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

குருநகர் யேசுதாசன் கடற்றொழிலாளி. எஞ்சினிலை பிடிச்ச துருக்கறளைச் சுத்தியலாலை தட்டேக்கை என்னவோ தெறிச்சுக் கண்ணிலை பட்டிட்டுது. கண் டொக்டர் ‘அவசரம்’ எண்டு எழுதித்தான் எங்களிட்டை அனுப்பினவர். கண் லேசாய்ச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். நான் அவரைக் கூப்பிடவும் ஸ்ட்ரெச்சர் ஒண்டு வரவும் சரியாய் இருந்தது. மனிசன் விலகி நிண்டிட்டார்.

“காயப்பட்டதுகள் முதல் போகட்டும் தங்கச்சி. எனக்கு நோவில்லை.”

பிறகு ஜெனரேட்டர் நிண்டுபோச்சு. அடுத்த நாளும் இதே கதைதான். வெளி வாங்கிலை குந்தியிருந்து, காயப்பட்டவைக்கு வழி விட்டு, வீட்டை போனார்.

பிறகு வந்த அண்டைக்கு மனிசி கையைப் பிடிச்சுத்தான் கூட்டிக்கொண்டு வந்தா. கண் வீங்கி மூடியிருந்தது. “இரவு முழுக்கத் துடிச்சவர்” எண்டா. அந்த நேரம் பார்த்து மண்டைக்குத்து எண்டு துண்டோடை ஒரு கனவான் வாறார்! எங்கடை எக்ஸ்ரே பகுதிக்குப் பொறுப்பான பெரியவர் அவரைத்தான் உள்ளை கூப்பிட்டார்.

“ஐயா, இந்த மனிசனுக்குக் கண் போகப்போகுது” எண்டன்.

“அவன் நடந்துதானே வந்தவன்? நீ சும்மா துள்ளாதை. சொன்னதைச் செய்.”

நான் சொன்னதைச் செய்யேல்லை. யேசுதாசனை உள்ளை இழுத்துக் கதவைப் பூட்டினன். பெரியவர் வெளியிலை நிண்டு கத்தினார், கத்தட்டும். பிலிமிலை பாதியை ஈயத்தகட்டாலை மறைச்சு, மேலை பார்க்கச் சொல்லி ஒண்டு, மற்றப் பாதியிலை கீழை பார்க்கச் சொல்லி ஒண்டு எடுத்தன். துகள் கண்ணோடை சேர்ந்து அசைஞ்சால் அது கண்ணுக்குள்ளைதான் கிடக்குது. பிலிமைக் கழுவிப் பார்த்தன். வெள்ளைப் புள்ளி ஒண்டு, ரெண்டு படத்திலையும் வேறை வேறை இடத்திலை. துகள் கண்ணுக்குள்ளைதான் எண்டு ஈரப் படத்தோடையே கண் டொக்டரிட்டை ஓடினன்.

கண் டொக்டர் படத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தார். “முதல் நாளே இது வந்திருந்தால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம். இப்ப உள்ளுக்கை சீழ். கண்ணை எடுக்கத்தான் வேணும்.”

யேசுதாசன் எழும்பி வாங்குக்குப் போனார். மனிசிதான் என்னட்டை வந்தா.

“முதல் நாளே நாங்கள் கத்திக் குழறி விழுந்திருந்தால் எடுத்திருப்பியளோ, தங்கச்சி?”

“ஓம்” எண்டன். பொய் சொல்ல மனம் வரேல்லை.

அதுக்குப் பிறகு ஓய்வு பெறும்வரைக்கும், காலமை வந்தவுடனை வாங்கிலை ஆர் சத்தம் போடாமல் இருக்கினம் எண்டுதான் முதல் பார்ப்பன். கிட்டப் போய், என்ன நடந்தது எண்டு நானே கேட்பன். நீங்களும் கேளுங்கோ.