ஒண்ணுக்குப் போகாத மோட்டார்

போன சனிக்கிழமை ஹவுராவில் எங்கள் டிபன் கடையின் பின்சந்தில் ஒரு சின்னக் கூட்டம். எல்லோரும் சாம்பார் அண்டாவைச் சுற்றி நின்று ஒரு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதற்கு? அது ஒண்ணுக்குப் போகுமா, போகாதா என்று!

சிரிக்காதீங்க பிள்ளைகளே... சொல்கிறேன்.

என்னிடம் ஒரு மோட்டார் இருக்கிறது. படகின் பின்பக்கம், வெளியே மாட்டுகிற வகை. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் பிமல்தாவும் நானும் கங்கையில் மீன் பிடிக்கலாம் என்று ஆசைப்பட்டு, படகோடு சேர்த்து வாங்கினோம். படகு படித்துறையில் கிடக்கிறது. மோட்டார் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். பல வருஷமாக ஓடவே இல்லை.

ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை! விஸ்வகர்மா பூஜைக்கு பிமல்தா வந்து மாலை போடுவார். ஆயுத பூஜைக்கு நாங்கள் சந்தனம், குங்குமம் பூசுவோம்.

இப்போது அதை ஓட்ட வேண்டி வந்தது என் மகள் கயலால். ஐந்தாம் வகுப்பு. "ஞாயித்துக்கிழமை எங்கப்பா எல்லாரையும் மோட்டார் போட்ல கூட்டிட்டுப் போவார்" என்று ஸ்கூலில் சொல்லிவிட்டாள். அவள் தோழி மிஷ்டி சும்மா இருப்பாளா?

"உங்க மோட்டார் எப்படி ஓடும்? அதுதான் சாமியாச்சே!"

கயல் அழுதுகொண்டே வந்தாள். "அது ஓடலேன்னா இனிமே நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்ப்பா."

அப்புறம் என்ன... கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய பெட்ரோல் பிசினாகியிருந்தது; கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஸ்பார்க் பிளக் புதுசு. தண்ணீரை உள்ளே இழுக்கிற ரப்பர் சக்கரமும் புதுசு. மிச்சம் இருந்தது ஓட்டிப் பார்ப்பதுதான். ஆனால் இந்த மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது — சூடேறி வீணாகிவிடும். அடிப்பகுதி முங்கியிருக்கணும். அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு எங்கே போவது?

"என்னங்க, அது சாம்பார் அண்டா!" என்றாள் என் மனைவி.

"இன்னிக்கு மட்டும்..."

"இன்னிக்கு சாம்பாரை உங்க தலையில வைக்கவா?"

அண்டா வந்தது. பெஞ்சில் மோட்டாரை மாட்டி, கயிற்றை இழுத்தேன். இழுத்தேன்... இழுத்துக்கொண்டே இருந்தேன். பிமல்தா நாற்காலியில் சாய்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "ஹோபே, ஹோபே" என்றார். ஆகும், ஆகும் என்று அர்த்தம். திடீரென்று ஒரு இருமல், குப்பென்று புகை... டுர்ர்ர்ர்!

கயல் குதித்தாள். நானோ உடனே நிறுத்திவிட்டேன்.

"ஏம்ப்பா?"

உள்ளே போகிற தண்ணீர் மோட்டாரைக் குளிரவைத்துவிட்டு, பின்னால் ஒரு சின்ன ஓட்டை வழியாக மெல்லிசாகப் பீச்சியடிக்கணும். அடிக்காவிட்டால் நம்பி ஓட்ட முடியாது. இதில் ஒரு சொட்டுகூட வரவில்லையே!

"ஒண்ணுக்கே போகமாட்டேங்குதே" என்றாள் கயல்.

"சாமியெல்லாம் போகாது" என்றாள், வேடிக்கை பார்க்க வந்திருந்த மிஷ்டி.

மறுபடி ஓட்டினேன். மறுபடி நிறுத்தினேன். ரப்பர் சக்கரத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டேனோ? கயலின் கண் கலங்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ஒரு கம்பியை எடுத்து அந்த ஓட்டையைக் குத்தி நோண்டினேன். என்ன வந்தது தெரியுமா? காய்ந்த சந்தனக் கட்டி. அதன் பின்னாலேயே ஒரு குச்சி. இன்னொரு குச்சி. இன்னும் ஒன்று...

ஊதுபத்திக் குச்சி!

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம். ஆயுத பூஜைக்கு ஊதுபத்தி ஏற்றுவது எங்கள் வீட்டில் யார் வேலை? கயல் வேலை.

"வாழைப்பழத்துலதானேடி குத்தச் சொன்னேன்?" என்றாள் அவள் அம்மா.

"பழத்துல குத்தினா சாம்பல் விழும்மா. அப்புறம் அதை யாரு சாப்பிடறது?"



மறுபடி கயிற்றை இழுத்தேன். டுர்ர்ர்... சர்ர்ர் என்று ஒரே பீச்சு — நேராக பிமல்தாவின் டீக்குள்!

ஒரு பொருளை ரொம்பவும் மதித்தால், அதைத் தொடவே பயந்துவிடுகிறோம், இல்லையா? புதுக் கலர் பென்சிலை டப்பாவிலேயே பூட்டி வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள் பார்ப்போம்!

ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு படகில் ஏறினார்கள். ஹவுரா பாலம் வந்தது. மிஷ்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மோட்டாரின் பின்பக்கமே எட்டிப் பார்த்து, "போகுது, போகுது!" என்று கத்திக்கொண்டே வந்தாள். கயல் என் தோளில் சாய்ந்துகொண்டு, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "சாமிதான். ஆனா ஓடற சாமி."

இந்த வருஷம் ஊதுபத்தி வாழைப்பழத்தில்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பூஜை வரைக்கும் கயலிடமிருந்து பழம் தப்பணும்... அவ்வளவுதான்!