செட் மாத்திரை விற்ற காலம்

மருந்துக்கடையில் நிற்பவளுக்கு டாக்டருக்குள்ள மரியாதையும் கிடையாது, மளிகைக்கடைக்காரருக்குள்ள நிம்மதியும் கிடையாது. கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் மேலே சொல்வதற்கு முன்பே தலையாட்டுவார்கள். தொண்ணூற்று நாலில் டி.பார்ம் முடித்த கையோடு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சேர்ந்தேன். பதினாலு வருஷம் நின்றேன். கால் நரம்பு சுருண்டதுதான் மிச்சம் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே எனக்குக் கிடைத்த மன்னிப்பு வேறெந்த வேலையிலும் கிடைத்திருக்காது.

பேர் எதற்கு?

எங்கள் கடையில் அதிகம் விற்றது 'செட்'. வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றைக் காப்பாற்ற ஒன்று. அட்டையிலிருந்து பிரித்து, பழைய பேப்பர் துண்டில் மடித்துக் கொடுத்துவிடுவோம். சீட்டு கிடையாது, டாக்டர் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் "ஒரு செட் குடும்மா" என்று கை நீளும். எதிர்க்கடை செட் நன்றாகக் கேட்கிறது என்று நாலு பேர் சொல்லப்போக, எங்கள் முதலாளி நம் செட்டிலும் வீரியமான வலி கேப்சூல் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். டாக்டர் எழுதாமல் தொடக்கூடாத கேப்சூல் அது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் மடித்தேன். அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

ஒருநாள் உறுத்தல் தாங்காமல், உள்ளே என்னென்ன மாத்திரை என்று பேப்பரிலேயே எழுதி, தக்காளி ஏற்றி வந்த ஒருவரிடம் நீட்டினேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பேரு தெரிஞ்சு நான் என்ன தொட்டில்ல போட்டா கூப்புடப் போறேன்? வலி நிக்குமா நிக்காதா, அதைச் சொல்லும்மா."

வெளுத்த மாத்திரை

சின்னாளப்பட்டியிலிருந்து சுங்கடிச் சேலைக்குச் சாயம் போடுகிற ஓர் அம்மா மாதம் ஒருமுறை வருவார். டாக்டர் சீட்டோடு மூட்டுவலி மாத்திரை வாங்குவார். வீட்டில் மூன்று பேருடைய மாத்திரையும் ஒரே எவர்சில்வர் டப்பாவில் கிடக்கும். ரோஸ் அவருக்கு, மஞ்சள் வீட்டுக்காரருக்கு, வெள்ளை மாமியாருக்கு. கணக்கு அவ்வளவுதான்.

ஒரு மாதம் கம்பெனிக்காரர்கள் ரோஸ் மாத்திரையை வெள்ளையாக்கிவிட்டார்கள். டப்பாவில் போடுவதற்கு முன்னால் அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாரே, அந்தக் கண்ணுக்குக் கோயில் கட்டலாம். டப்பாவில் விழுந்திருந்தால் மாமியார் தன் பிரஷர் மாத்திரை என்று நினைத்து இதை நாளுக்கு இரண்டு விழுங்கியிருப்பார். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து கவுண்டரில் மாத்திரையைக் கொட்டினார். அதே மருந்துதான், நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது என்று நான் எவ்வளவோ சொன்னேன். "சாயம் போன சேலையை நாங்க குடுத்தா, நீங்க பேசாம வாங்கிட்டுப் போவீகளா?"

மூன்று நாளுக்கு

தொண்ணூற்றெட்டு, முகூர்த்த மாதம். அகரத்திலிருந்து முத்தையா வந்தார். மல்லிகைத் தோட்டக்காரர். இடுப்பைப் பிடித்துக்கொண்டே படியேறினார். கல்யாணம் நெருக்கிக்கொண்டு வருகிற நேரத்தில் மல்லிகைக்காரர் படுக்க முடியாது. பூ யாருக்காகவும் காத்திருக்காது. மூன்று நாளைக்கு, வேளைக்கு ஒன்றாகச் செட் கேட்டார். மடித்துக் கொடுத்தேன்.

இரண்டு நாளைக்கு முன்னால் அவர் டிராக்டரிலிருந்து விழுந்திருக்கிறார். எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அதே கேப்சூல்தான், கம்பெனிதான் வேறு. கூடவே தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. அவற்றை வேறு கடையில் வாங்கியிருந்தார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? கேட்கவில்லை. கூட்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் கூட்டம் எல்லா நாளும்தான் இருந்தது. இத்தனைக்கும் படியிறங்கும்போது அவரே சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். "டாக்டரு மாத்திரை செத்த நேரந்தான் தாங்குது. கூட ஒங்க செட்டையும் போட்டா பொழுதுக்கும் குனிஞ்சு பூவெடுக்கலாம்."

பேச்சியம்மாள்

மறுநாள் மத்தியானம் ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். முத்தையாவின் மனைவி பேச்சியம்மாள். ஒரு கையில் மாத்திரை அட்டை, இன்னொரு கையில் எங்கள் கடைப் பேப்பர் துண்டு. காலையில் எழுப்பினால் அவர் எழவில்லையாம். மூச்சு விட்டு விட்டு வந்திருக்கிறது. வேனில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடக்கிறது. தோட்டக்காரர், அடங்கிய மூச்சு, சுருங்கிய கண்மணி என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பூச்சிமருந்துதான். டாக்டருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. முத்தையாவின் அக்கா அதற்கு ஒருபடி மேலே போய், பேச்சியம்மாள்தான் எதையோ கலந்து கொடுத்துவிட்டாள் என்று வார்டிலேயே சத்தம் போட்டுவிட்டாள். மாத்திரையைத் தவிர அவர் எதுவும் சாப்பிடவில்லை என்று இவள் ஒருத்தி மட்டும் நின்றிருக்கிறாள். அப்படியானால் பேரைக் கேட்டு எழுதி வாங்கி வா என்று டாக்டர் அனுப்பியிருக்கிறார். அட்டையில் பேர் இருந்தது. எங்கள் பேப்பரில் ஏதோ ஒரு டெண்டர் விளம்பரத்தில் பாதி இருந்தது.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். காய்ச்சல் மாத்திரை என்று மட்டும் எழுதச் சொன்னார். கேப்சூல் என்று எழுதினால் நாளைக்குக் கடை இருக்காது, உன் சர்டிபிகேட்டும் இருக்காது என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நின்றதே பாவம் என்று இப்போது நினைக்கிறேன். வெளியே பேச்சியம்மாள் கவுண்டர்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தாள். "அவரு வெசம் குடிக்கலைன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாக. நீங்க சொல்லுங்கம்மா."

பக்கத்தில் நின்றது

எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதாது என்று தோன்றியது. அவளோடு ஆட்டோவில் ஏறிவிட்டேன். வார்டில் இருந்தவர் சின்ன வயசு டாக்டர். எங்கள் செட்டிலும் இதே கேப்சூல்தான் சார், நான்தான் கொடுத்தேன் என்று அங்கே நின்ற எல்லோர் முன்னாலும் சொன்னேன். அட்டையில் குறைந்ததையும் செட்டில் குறைந்ததையும் எண்ணினால், ஒரு பகலில் இரண்டு பங்குக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. அதன் மேலே தூக்க மாத்திரை. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "திட்டெல்லாம் அப்புறம். பக்கத்துல நில்லுங்க, கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

அந்த மருந்தை முறிக்கிற ஊசி ஸ்டோரில் இருந்தது. இருந்ததற்கு இன்றைக்கும் கும்பிடுகிறேன். அதைத் தேடி எடுத்து ஓடிவந்த நர்சம்மாவையும் சேர்த்துத்தான். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. நெஞ்சு ஏறி இறங்குவதை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததேயில்லை. சாயங்காலம் முத்தையா கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். "இன்னைக்குப் பூவெடுத்தாச்சா?"

ஆடு வாங்குகிறவர்

முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வேலை போனதென்றுதான் இருந்தேன். எட்டாம் நாள் வீரியமான மாத்திரைகளையெல்லாம் தனி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். செட் நின்றது. அவர் கோபக்காரர், அவசரக்காரர். ஆனால் அந்தச் சாவிக்காக நான் அவரை எத்தனையோ தடவை மனதுக்குள் வாழ்த்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வலி என்று யார் வந்தாலும் என் கேள்வி ஆரம்பித்துவிடும். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், யார் கொடுத்தது, தூக்கத்துக்கு உண்டா, குடிப்பழக்கம் உண்டா, அட்டையைக் காட்டுங்கள். பாதிப் பேர் முறைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி விற்கிற ஒருவர் மட்டும் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கெடா வாங்குறப்ப நானே பல்லை மட்டும் பாத்துட்டு விட்டுருவேன். நீங்க இம்புட்டுக் கேக்குறீக."

எதிர்க்கடை

ஒரு மாதம் கழித்துப் பேச்சியம்மாள் வந்தாள். கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகை. வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது. தப்பு என்னுடையதும்தான், நான் கொடுத்த கேப்சூல்தானே என்றேன். தெரியும் என்றாள். முத்தையா பிழைத்தது இருக்கட்டும், புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்ற பேரோடு ஊரில் எப்படி இருந்திருப்பேன், நாலு பேர் முன்னால் நீங்கள் வந்து நின்று சொன்னதில்தான் அது நீங்கியது என்றாள். நாத்தனார் இப்போது வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாளாம். நான் அழுதுவிட்டேன், மருந்து வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளே என் தலையில் பூவை வைத்துவிட்டாள். பிறகு பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து விரித்தாள். நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "இதுல ஒண்ணோட ஒண்ணு சேராதது இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கம்மா. மாத்திரையை எதுத்த கடையில வாங்கிக்கிறேன், கோவிச்சுக்கிறாதீங்க."

பதினாலு வருஷத்தில் நான் யாருக்காவது நல்லது செய்திருந்தால், அது பெரும்பாலும் விற்காமல் விட்ட மாத்திரைகளால்தான்.