விளாவிய தண்ணீர்

சீப்பு பட்டதும் மண்டைத்தோல் வலித்தது. எனக்கு முதலில் தெரிந்தது அவ்வளவுதான். வெள்ளத்தில் வீடு போய் எங்கள் பள்ளிக்கூட ஹாலில் தங்கியிருந்த பெண்கள் இருபத்திரண்டு பேருக்கும் பேன் பார்த்துத் தலை வாரிவிட்டுக் கடைசியில் என் தலைக்கு வந்தேன். ஒவ்வொரு மயிர்க்காலும் தனியாக நொந்தது. குனிந்து குனிந்து வேலை செய்ததால் இருக்கும் என்று கொண்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றால் பயம். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தால் அதைவிடப் பயம். அப்படிப்பட்டவள் என் உடம்பு சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற யாராவது இதைப் படித்தால், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தலைவலியும் தலைவலிதான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மைசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை. காலையில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். அப்போதெல்லாம் பெண்ணைத் தனியாகத் தெருவில் அனுப்ப மாட்டார்கள்.

கண்ணம்பாடியில் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த காலம். அந்த ஆடியில் காவேரி கரை மீறியது. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கத்துக் கரையோர ஊர்களில் மண்வீடுகள் கரைந்துபோயின. அங்கிருந்த பள்ளிக்கூடமும் இடிந்தது. அதில் படித்த பெண்களையும் அவர்களுடைய டீச்சர் கமலம்மாவையும் எங்கள் ஹாலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் படுக்கை ஆக்கினோம்.

கமலம்மா டீச்சரின் வீடும் ஆற்றோடு போயிருந்தது. மறுநாளே பாடம் நடத்த நின்றுவிட்டார். பிள்ளைகள் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். டீச்சரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அதுவும் எங்கள் தப்புதான்.

முதல் வாரமே டாக்டர் வந்து பார்த்தார். கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறெதுவும் பிள்ளைகள் குடிக்கக் கூடாது என்றார். அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரிய செப்பு அண்டாவில் தளதளவென்று கொதிக்கவிட்டு, வாய் சுடாத பதத்துக்கு விளாவி, வரிசையில் நிற்க வைத்து ஊற்றினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் பள்ளியில் படிக்கும் ஊர்ப் பெண்களும், டீச்சரும் நானும்கூட அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். என் வாழ்க்கையிலேயே நான் பயப்படாமல் செய்த ஒரே வேலை அது.

தலைவலி வந்த மூன்றாம் நாள் ஜுரம் தொடங்கியது. படிக்கட்டு ஏறுவதுபோல ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு படி கூடியது. அதே வாரத்தில் கமலம்மா டீச்சர் படுத்தார். வெள்ளத்துப் பெண்களில் ஒன்பது வயது நஞ்சம்மா, நாங்கள் நஞ்சி என்போம், அவள் படுத்தாள். ஊர்ப் பெண்கள் இரண்டு பேரும் படுத்தார்கள். டைபாய்டு (குடலைப் பற்றி மூன்று வாரம் விடாமல் காயும் ஜுரம்) என்றார் டாக்டர்.

அன்றைக்கு அதற்கென்று நேரான மருந்து கிடையாது. படுக்கை, கஞ்சித் தண்ணீர், மோர்த்தெளிவு, ஈரத்துணி. மற்றதெல்லாம் காத்திருப்பு. என்னையும் நஞ்சியையும் ஆஸ்பத்திரியின் தொற்று வார்டில் (ஒட்டும் நோய்க்காரர்களுக்கான தனிக் கொட்டகை) பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். டீச்சரை அவருடைய அண்ணன் வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

இரண்டாம் வாரம் எனக்கு நினைவு சரியாக இல்லை. பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைந்ததாம்.

மூன்றாம் வாரம் ஜுரம் இறங்கியது. நஞ்சிக்கு எனக்கு முன்பே இறங்கிவிட்டது. அதன்பின் அவளுக்குப் பசி. ஜுரம் விட்ட குடல் நைந்த துணிமாதிரி இருக்கும், கெட்டியாக எது போனாலும் ஓட்டை விழுந்து உயிர் போகும் என்று டாக்டர் எங்களை எச்சரித்திருந்தார். அவளுக்கு அதெல்லாம் ஏறவில்லை. அவள் அப்பா கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து வெற்றிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், அந்தப் பேச்சு அவளிடம் அப்படியே இருந்தது.

“ஏனுங்க்கா, ஆத்துல வூடு போன அன்னிக்கே எனக்குக் களி கெடச்சுது. இங்க கட்டல்ல படுக்க வச்சுக் கஞ்சித்தண்ணி குடுக்கறாங்க. எது வெள்ளம்னே தெரியல.”

சிரித்தால் எனக்கு வயிறு வலிக்கும். அவளுக்கு அது தெரியும்.

ஒரு காலை நர்ஸ் எனக்கு உடம்பு துடைக்க வெந்நீர் கொண்டுவந்தார். கை பொறுக்கவில்லை என்று குழாயடிக்குப் போய் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் பிடித்து அதில் ஊற்றினார். கையை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்டா நிறையக் கொதித்த தண்ணீர். பிள்ளைகள் தம்ளரோடு நிற்கிறார்கள். பக்கத்திலேயே கிணறு. இரண்டு தோண்டி சேந்தி ஊற்றி விளாவியது என் கை. குளிக்கிற தண்ணீருக்குப் பிறந்ததிலிருந்து செய்த வேலையைக் குடிக்கிற தண்ணீருக்கும் செய்தது. கேட்டிருந்தால், கொதித்த தண்ணீர்தான் கொடுத்தேன் என்று நான் சத்தியமே பண்ணியிருப்பேன். பக்கத்துக் கட்டிலில் நஞ்சி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்ப என்னால் முடியவில்லை.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். ரயில்வேயில் வேலை. உள்ளே விடமாட்டார்கள், ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசவேண்டும். ஊர்ப் பெற்றோர்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்றார். வெள்ளத்துப் பெண்கள்தான் நோயைக் கொண்டுவந்தார்களாம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு அவர்களை ஊருக்கே திருப்பி அனுப்பப் போகிறார்களாம். அந்த ஊரில் அப்போது சுவர்கூட இல்லை.

நான் அண்டா விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“நீ வாயத் தொறந்தா வேலை போயிடும். தொறக்காட்டி ஒருத்தருக்கும் தெரியாது. பேசாம படு.”

என் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் பேசாமல்தான் படுத்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் பயம் வரவில்லை. மூன்று வாரம் சாவுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவளுக்கு வேலை போவது சின்ன விஷயமாகத் தெரிந்தது. மறுநாள் டாக்டர் கட்டிலருகே வந்ததும் சொல்லிவிட்டேன்.

எத்தனை நாள் ஊற்றினேன், எந்தக் கிணறு என்று கேட்டார். கிணற்றை ஒட்டித் தெருச் சாக்கடை போகிறதா என்று கேட்டார். மழையில் அது நிரம்பி ஓடியதைச் சொன்னேன். பிறகு இன்னொன்று கேட்டார், அந்தப் பெண்களோடு நாள் முழுக்க இருந்தும் நோய் வராதவர்கள் யார்? எங்கள் சமஸ்கிருத பண்டிதர் நினைவுக்கு வந்தார். மடி ஆசாரக்காரர், வீட்டுத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து அதை மட்டும் குடிப்பார். வெள்ளத்துப் பெண்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு தும்மல்கூட இல்லை.

“அப்போ பிள்ளைங்க மேல தப்பில்லை. தண்ணிதான்” என்றார் டாக்டர். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கொதிக்க வைன்னு சொன்னேன். அதுலயே ஆறவைன்னு சொல்லல. உன் தப்புல பாதி என்னுதும்மா.”

சாயங்காலம் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஜன்னலுக்கு வந்தார். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. எழுதிக் கொடுப்பாயா என்று கேட்டார். நர்ஸிடம் பென்சில் வாங்கிப் படுத்தபடியே நாலு வரி எழுதினேன். எழுதி முடிக்க விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் எழுதிய முதல் காகிதம் அது.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கூட்டத்தில் படித்தார்கள். டாக்டரும் போய்ப் பேசினார். மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் பெண்ணை நிறுத்திவிட்டார்கள், அந்த வீட்டுக்கு நான் அப்புறம் போகவே இல்லை. கிணற்றை மூடினார்கள். என்னை வேலையை விட்டு எடுக்கவேண்டும் என்று கமிட்டியில் ஒருவர் எழுந்தாராம். அதற்கு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சொன்னதை எனக்குப் பிறகு அவரே சொன்னார்.

“இனிமே இவளவிடத் தண்ணிக்குப் பயப்படற ஆளு எனக்கு எங்க கிடைப்பா?”

நஞ்சியிடம் அண்டா விஷயத்தை நானே சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, களி எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டாள். ஒரு மாதம் கழித்துத்தான் கொடுத்தார்கள். மற்றப் பெண்களோடு தசரா லீவுவரை எங்கள் ஹாலிலேயே இருந்து, கூரை வேய்ந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

நான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகினேன். தலைமயிர் முழுக்கக் கொட்டி, சின்னப் பெண்ணின் மயிர்போலச் சுருண்டு முளைத்தது. ஊர்ப் பெண்கள் இரண்டு பேரும் தேறினார்கள். கமலம்மா டீச்சரும் பிழைத்தார், ஆனால் இடது காது போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அவரோடு பேசும்போது வலதுபக்கம் போய் நின்றுகொள்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று தினமும் கேட்கிறேன். சில நாள் பதில் சொல்கிறார்.

முதல் மணி அடிக்கும்போது அண்டாவை இறக்கி, துணியால் வாயைக் கட்டி நிழலில் வைக்கிறேன். மத்தியான மணிக்குத்தான் அது ஆறுகிறது. முன்பெல்லாம் எனக்குப் பொழுதென்றால் ஓட்டம். இப்போது அண்டா ஆறுகிற நேரம் எவ்வளவு நீளம் என்று என் உள்ளங்கைக்குத் தெரியும். நடுவில் யாராவது தம்ளரோடு வந்து நிற்பார்கள். கை தானாக எழும். அதை அண்டாவின் சூட்டின்மேல் வைத்துக்கொண்டு, இன்னும் ஆகவில்லை கண்ணு, உட்காரு என்கிறேன். நானும் உட்காருகிறேன்.