சூப் கிண்ணத்தோடு மணப்பெண்

மோர்வெனுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. கிளாஸ்கோவின் இளவட்டங்கள் ரயிலில் புரட்டும் இலவச வாரப் பத்திரிகையில் அவள்தான் விமர்சகி. எந்தப் பாட்டுக்கச்சேரிக்குப் போகலாம், எந்த நாவலைப் பாதியில் மூடலாம், எந்தக் காபிக் கடை நாற்காலி முதுகை ஒடிக்கும் என்று எல்லாமே அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஒரு மதிய நாடகத்துக்குப் போனாள். சீட்டு வாங்கினால் ஒரு கிண்ணம் சூப் உண்டு. சூப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது மாப்பிள்ளை வேஷத்தில் நடிகன் லாக்லன் மேடைக்கு வந்தான்.

"மன்னிச்சுக்கோங்க, கல்யாணப் பொண்ணா நடிக்கிறவங்க வரல. மழையில ரயில் நடுவழியில நின்னுடுச்சாம்."

கோட்டும் பூவுமாக அவன் விழித்த விழியைப் பார்த்து மோர்வென் வெடித்துச் சிரித்தாள். அரங்கமே திரும்பியது.

"சிரிச்ச அம்மணி, மேல வாங்க! பாத்துப் படிச்சா போதும்." கிட்டே வந்ததும் குரலைத் தாழ்த்தினான். "என் மூக்கு என்னைவிட நல்லா நடிக்குதுன்னு எழுதின மோர்வென் நீங்கதானே?"

"பாராட்டித்தாங்க எழுதினேன்!"

பதற்றத்தில் கிண்ணத்தைக் கீழே வைக்க மறந்துவிட்டாள். ஒரு கையில் சூப், மறு கையில் வசனத்தாள். வசனம் எது, மேடைக்குறிப்பு எது என்று புரியாமல் தாளில் இருந்ததையெல்லாம் படித்தாள்.

"உன்ன நம்பித்தானே வந்தேன், பாவி! கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் போகிறாள்."

அரங்கம் குலுங்கியது. லாக்லன் ஒரு நொடி திகைத்தான். பிறகு அவனும் முழங்கினான்: "மாப்பிள்ளை வாயடைத்து நிற்கிறான்!"

அதன் பிறகு யாருக்கும் நிதானம் இல்லை. கடைசிக் காட்சியில் கதவைத் தள்ளிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த கல்யாண உடையில், நிஜ நடிகை ஐலி வந்து நின்றாள். இரண்டு மணப்பெண்களையும் மாறி மாறிப் பார்த்தது கூட்டம்.

"அப்ப நான் யாருடீ?" என்றாள் ஐலி.

மோர்வென் தாளைப் புரட்டினாள். "மாமியார் மயங்கி விழுகிறாள்!"

ஐலி கொஞ்சமும் யோசிக்காமல் தொப்பென்று விழுந்தாள்.

திங்கட்கிழமை பத்திரிகை ஆசிரியர் கட்ரியோனா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீ நடிச்ச நாடகத்துக்கு நீயே விமர்சனமா? நாலு பேரு என்னடி சொல்லுவாங்க?"

"என்னைத் திட்டி எழுதினா சரிதானே, அக்கா?"

அப்படியே, அடியில் தன் பெயரைப் போடாமல் எழுதினாள். நாடகத்துக்கு நாலு நட்சத்திரம். மணப்பெண்ணாக வந்த மோர்வெனுக்கு அரை நட்சத்திரம், அதுவும் சூப்பைச் சிந்தாததற்காக. அந்த வாரம் அரங்கின் வாசலில் வரிசை தெருமுனைவரை நீண்டது. ஐலியும் லாக்லனும் மேடைக்குறிப்புகளைச் சத்தமாகச் சொல்லியே தினமும் நடித்தார்கள்.

வியாழக்கிழமை பத்திரிகை அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தது. மோர்வெனின் அம்மா, ஊரிலிருந்து.

"யாரு அந்த விமர்சனம் எழுதினது? எம் பொண்ணுக்கு அரை நட்சத்திரமா? போனை அவ கையில குடுங்க, ரெண்டு வார்த்தை கேக்கணும்!"

கட்ரியோனா ரிசீவரை மோர்வெனிடம் நீட்டினாள்.